கப்பலைப் பிடித்து இழுத்த மாய அலை!

1893-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். சைபீரியாவுக்கு வடக்கே பிராம் என்ற கப்பல் போய்க்கொண்டிருந்தது. கடல் குளம் போல் அமைதியாக இருந்தது. நீராவி எந்திரம் முழு மூச்சாக ஓடியது. ஆனால் கப்பலோ யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல் ஊர்ந்தது!

பயணத்தின் தலைவர் நான்சன். 1861-ல் நார்வே நாட்டில் பிறந்தவர். 1888-ல் சறுக்குக் கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு கிரீன்லாந்துப் பனி மலையைக் குறுக்கே கடந்தவர். இப்போது அவர் போட்ட திட்டம் இன்னும் துணிச்சலானது. கப்பலை வேண்டுமென்றே பனிக்கட்டியில் சிக்க வைப்பது. நீரோட்டம் இழுக்கும் வழியில் வடதுருவத்தை நெருங்குவது! பைத்தியக்காரத்தனம் என்று பலரும் எண்ணினார்கள்.

செத்த தண்ணீர்

கப்பலை இழுத்தது பேயா? இல்லை. நார்வே மாலுமிகளுக்கு அது பழகிய தொல்லை. செத்த தண்ணீர் என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். படிக்காதவர் பேச்சு என்று நான்சன் தள்ளிவிடவில்லை. தண்ணீரைச் சோதித்தார். மேலே இருந்தது குடிக்கத்தக்க நல்ல தண்ணீர். கீழே ஒரே உப்பு!

நல்ல தண்ணீர் லேசு. உப்புத் தண்ணீர் கனம். அரியலூர்ப் பக்கம் ஓடும் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால், அந்த நீரும் கடலில் உப்பு நீரின் மேல்தான் பரவும்.

பிறகு கப்பல் பனியில் உறைந்தது. அப்போது இன்னொரு புதிர். பனிக்கட்டி காற்று அடித்த திசையில் நேராகப் போகவில்லை; வலப்பக்கமாக ஒதுங்கியே போனது. அதையும் நான்சன் எழுதி வைத்தார். 1895-ல் ஒரே ஒரு தோழருடன் கப்பலை விட்டு இறங்கி, நாய் வண்டியுடன் வடக்கே நடந்தார். துருவம் எட்டவில்லை. ஆனாலும் அதுவரை யாரும் போகாத தூரம். 1896-ல் உயிரோடு ஊர் திரும்பினார்.

இரண்டு புதிர்களையும் அவிழ்த்தவர் எக்மன் என்ற சுவீடன் நாட்டு இளைஞர். தொட்டியில் கன நீர், அதன்மேல் லேசு நீர் விட்டு, பொம்மைக் கப்பலை இழுத்துப் பார்த்தார். மேலே சலனமில்லை. இரண்டு நீரும் சேரும் இடத்தில் பெரிய அலை! கப்பலின் பலமெல்லாம் அந்த உள் அலையை எழுப்புவதிலேயே போய்விடுகிறது. 1904-ல் இதை வெளியிட்டார். பனி ஒதுங்குவதற்குக் காரணம் பூமியின் சுழற்சி என்று 1905-ல் விளக்கினார்.

நம் அந்தமான் கடலிலும் உள் அலைகள் பல மாடி உயரத்துக்கு எழுகின்றன. அவை உடையும்போது மேல் நீரும் கீழ் நீரும் கலக்கின்றன; கடலின் சூடு இடம் மாறுகிறது. இன்று கம்ப்யூட்டர்கள் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து நீரோட்டத்தைக் கணக்கிடுகின்றன. பெரிய கட்டங்களில் இந்த அலை அகப்படாது. அதை விட்டுவிட்டால் நீரோட்டக் கணக்கும் தவறும், கடலின் சூட்டுக் கணக்கும் தவறும். நமக்கு மழை தரும் பருவக்காற்றோ கடலின் சூட்டைப் பொறுத்தது!

நான்சன் பிற்காலத்தில் போரால் வீடிழந்த அகதிகளுக்காக அலைந்தார். 1922-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றார். 1930-ல் காலமானார். பிராம் கப்பலை இன்றும் ஆஸ்லோ நகரக் காட்சிசாலையில் ஏறிப் பார்க்கலாம்.