கேள்விக்குப் பதில் சொன்னது குற்றமா? அம்பேத்கர் வாதாடிய 'ஆபாச' வழக்கு.. பாலியல் கல்விக்காக வேலையை இழந்த கணக்குப் பேராசிரியர்.. யார் இந்த ஆர்.டி.கார்வே?

டிவியில் நாப்கின் விளம்பரம் வருது. பக்கத்துல உட்கார்ந்திருக்கும் ஏழாம் வகுப்பு பையன், இது எதுக்கும்மான்னு கேட்கிறான். அம்மா அப்பாவைப் பார்க்கிறார், அப்பா ரிமோட்டைத் தேடுகிறார். பையனுக்குப் பதில் கிடைக்கல. ஆனா இது கேட்கக்கூடாத கேள்வி என்பது மட்டும் அவனுக்குப் புரிஞ்சிடுது.

இந்த மாதிரி கேள்விகளுக்கு ஏறத்தாழ நூறு வருஷத்துக்கு முன்னாடியே பத்திரிகையில் பதில் எழுதியவர் ஒருவர் இருந்தார். அதற்காக கோர்ட் படி ஏறினார், அபராதம் கட்டினார், கல்லூரி வேலையையும் இழந்தார். அவருக்காக வாதாட வந்த வக்கீல் அண்ணல் அம்பேத்கர். அவர்தான் ரகுநாத் தோண்டோ கார்வே, சுருக்கமாக ஆர்.டி.கார்வே. அவரைப் பற்றித்தான் இங்கே பார்க்கப்போறோம்.

யார் இந்த கார்வே?

1882 ஜனவரி 14-ம் தேதி மகாராஷ்டிராவில் பிறந்தவர். அப்பா தோண்டோ கேசவ் கார்வே, விதவைப் பெண்களின் மறுமணத்துக்காகவும் பெண் கல்விக்காகவும் வாழ்நாள் முழுக்க உழைத்தவர். 1916-ல் பெண்களுக்கென தனிப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியதும் அவர்தான்.

ரகுநாத்துக்கு 9 வயது இருக்கும்போது, 1891-ல், அம்மா ராதாபாய் பிரசவத்தில் இறந்துபோனார். அடுத்தடுத்த பிரசவங்களில் பெண்கள் சாவது அன்றைக்கு வீட்டுக்கு வீடு நடந்த விஷயம். எத்தனை குழந்தை, எப்போது என்று முடிவு செய்யும் உரிமை பெண்ணுக்கு இருக்கணும் என்று பின்னாளில் பேசியவர், அம்மாவைப் பிரசவத்தில் பறிகொடுத்த அந்த மகன்தான்.

படிப்பில் கெட்டிக்காரர். கணிதத்தை எடுத்துப் படித்து, பாரீஸ் வரை போய் வந்தார். பம்பாய் வில்சன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகவும் வேலை பார்த்தார்.

வேலை ஏன் போனது?

1921-ல் பம்பாயில் கருத்தடை ஆலோசனை மையம் ஒன்றைத் தொடங்கினார் கார்வே. லண்டனில் மேரி ஸ்டோப்ஸ் தன்னுடைய புகழ்பெற்ற மையத்தைத் திறந்ததும் இதே ஆண்டில்தான்.

குடும்பக் கட்டுப்பாடு வேண்டும் என்றதோடு அவர் நிற்கல. தாம்பத்தியத்தில் ஆணுக்கு இருக்கும் அதே விருப்பமும் உரிமையும் பெண்ணுக்கும் உண்டு என்று வெளிப்படையாகப் பேசினார். கல்லூரி நிர்வாகத்தால் அதைத் தாங்க முடியல. வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள், போய்விட்டார்.

வருமானம் குறைந்தது, ஆனா மனைவி மாலதி அவர் பக்கமே நின்றார். இருவரும் குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்து வாழ்ந்த தம்பதி. அந்தக் காலத்தில் இதுக்கு எவ்வளவு பேச்சு கேட்டிருப்பாங்கன்னு தனியா சொல்லத் தேவையில்லை.

பத்திரிகையில் அப்படி என்ன இருந்தது?

1927 ஜூலையில் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி மாத இதழைத் தொடங்கினார். தமிழில் சொன்னால் சமூக ஆரோக்கியம். உடல் உறுப்புகள், கருத்தடை, பால்வினை நோய்கள், கணவன் மனைவி உறவு என்று டாக்டரிடம்கூட கேட்கத் தயங்கும் விஷயங்கள் அதில் வந்தன. அட்டைப் படங்களும் துணிச்சலானவை. உடம்பைப் பார்த்து வெட்கப்படத் தேவையில்லை என்பதற்காகவே நிர்வாண ஓவியங்களை அவர் அட்டையில் போட்டார். இது எதிர்ப்பை இன்னும் கிளப்பியது.

இதழின் முக்கியமான பகுதி கேள்வி பதில். வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள், கார்வே பதில் சொல்வார். சுய இன்பத்தால் உடம்பு கெட்டுப்போகுமா, தன்பாலின ஈர்ப்பு தவறா என்றெல்லாம் கேள்விகள் வந்தன. பயமுறுத்தாமல், அன்றைய மருத்துவ அறிவை வைத்து விளக்கினார். சுய இன்பம் பற்றிய பயத்தைக் காட்டி லேகியம் விற்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கணும்.

அம்பேத்கர் எப்படி உள்ளே வந்தார்?

முதல் வழக்கு 1931-ல் வந்தது. திருமணத்துக்கு வெளியே உள்ள உறவு பற்றி எழுதிய கட்டுரை ஆபாசம் என்று கைதானார், 100 ரூபாய் அபராதம். 1934-ல் இரண்டாவது வழக்கு. இந்த முறை பிரச்னை கட்டுரையில் இல்லை, வாசகர் கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்களில்.

பூனா ஒப்பந்தம் முடிந்து இரண்டே ஆண்டுகள். நாடறிந்த தலைவராகிவிட்ட அம்பேத்கர், இந்த வழக்கில் கார்வேக்காக ஆஜரானார். அவருடைய வாதம் எளிமையானது. பாலியல் பற்றி எழுதுவதெல்லாம் ஆபாசம் ஆகிவிடாது. மக்கள் தெரியாமல் கேட்கிறார்கள், தெரிந்தவர் பதில் சொல்கிறார். அறியாமையைப் போக்க அறிவைத் தவிர வேறு வழி என்ன இருக்கிறது?

நீதிமன்றம் ஏற்கவில்லை. கார்வேக்கு 200 ரூபாய் அபராதம் விழுந்தது. பின்னர் மூன்றாவது முறையாகவும் வழக்கு வந்தது. ஆனாலும் இதழ் நிற்கவில்லை.

இதே காலகட்டத்தில் தமிழ்நாட்டிலும் பெரியார் குடிஅரசு இதழில் கருத்தடையைப் பெண் விடுதலையோடு சேர்த்து எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு என்ன ஆனது?

1953 அக்டோபர் 14-ம் தேதி கார்வே காலமானார். 26 ஆண்டுகள் வந்த இதழும் அவரோடு முடிந்தது. அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1952-ல்தான், இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டை அதிகாரப்பூர்வத் திட்டமாக அறிவித்தது. மகனைவிட அதிக காலம் வாழ்ந்த அப்பாவுக்கு 1958-ல் பாரத ரத்னா கிடைத்தது. மகன் பெயரைப் பலரும் மறந்தே போனார்கள். 2001-ல் இயக்குநர் அமோல் பாலேகர், கார்வேயின் வாழ்க்கையை 'த்யாஸபர்வ' என்ற மராத்திப் படமாக எடுத்தார்.

இப்போ ஏன் இவரைப் பேசணும்?

2007-ல் பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வியைக் கொண்டுவர மத்திய அரசு முயன்றபோது, பல மாநிலங்கள் வேண்டாம் என்றன. அதில் கார்வே பிறந்த மகாராஷ்டிராவும் ஒன்று. 2024-ல் உச்ச நீதிமன்றம், குழந்தைகளைப் பாதுகாக்க முறையான பாலியல் கல்வி அவசியம் என்றும், அது பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்ற எண்ணம் தவறு என்றும் தீர்ப்பில் சொன்னது.

பாலியல் கல்வி என்றால் உடலுறவு பற்றிய பாடம் மட்டும்னு பல பெற்றோர் நினைக்கிறாங்க. உடலில் வரும் மாற்றங்கள், மாதவிடாய், யார் எங்கே தொடலாம் தொடக்கூடாது, வேண்டாம் என்றால் அதை மதிப்பது, ஆன்லைனில் மிரட்டினால் யாரிடம் சொல்வது.. இதெல்லாம் சேர்ந்ததுதான் அது. உறுப்புகளின் பெயரே தெரியாத குழந்தையால், தனக்கு நடந்த கொடுமையைச் சரியாகச் சொல்லக்கூட முடியாது.

கார்வேக்குக் கடிதம் எழுதியவர்கள் வேறு வழியில்லாமல் எழுதினார்கள். இன்றைக்கு உங்கள் பிள்ளைக்கு வேறு வழி இருக்கு, கையில் மொபைல் இருக்கு. அது என்ன பதில் காட்டும்னு உங்களுக்குத் தெரியாது. அதனால அடுத்த முறை கேள்வி வந்தால் ரிமோட்டைத் தேடாதீங்க. தெரிந்ததைச் சொல்லுங்க. தெரியலைன்னா, சேர்ந்து தெரிஞ்சுக்கலாம்னு சொல்லுங்க.

குழந்தைகளுக்கு எதிரான பாலியல் தொல்லை பற்றி உதவி தேவைப்பட்டால் 1098 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.