கல்லூரி வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட விஞ்ஞானி

வேர்க்கடலை ஏழைகளின் உணவு. அந்தக் கடலையை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார் ஒருவர். அவர்தான் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

அவர் அமெரிக்காவில் பிறந்த கறுப்பர். அடிமையாகப் பிறந்தார். தாயின் முகம் தெரியாமல் வளர்ந்தார். நிறத்தைக் காரணம் காட்டி ஒரு கல்லூரி அவரை வாசலோடு திருப்பி அனுப்பியது.

ஆனாலும் அவர் படித்தார். விஞ்ஞானி ஆனார். ஏறிய ஏணியை எட்டி உதைக்கவில்லை. பின்னால் வந்த பிள்ளைகளும் ஏறுவதற்காக அதைப் பிடித்துக் கொண்டு நின்றார்.

கொள்ளையர் கையில் குழந்தை

மிசூரி மாநிலத்தில் டயமண்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே மோசஸ் கார்வர் என்ற வெள்ளைக்கார விவசாயி இருந்தார். அவருடைய பண்ணையில் மேரி என்ற கறுப்புப் பெண் அடிமையாக இருந்தார். 1855-ம் ஆண்டில் மோசஸ் 700 டாலர் கொடுத்து மேரியை விலைக்கு வாங்கியிருந்தார். ஆடு மாடுகளைப் போல மனிதர்களையும் விலை பேசிய காலம் அது.

மேரியின் மகன்தான் ஜார்ஜ். 1864-ம் ஆண்டை ஒட்டிப் பிறந்தான். அடிமைக் குழந்தைகளின் பிறந்த நாளை அந்தக் காலத்தில் யார் எழுதி வைத்தார்கள்?

அப்போது உள்நாட்டுப் போர் நடந்து கொண்டிருந்தது. கொள்ளையர் கூட்டம் ஒன்று பண்ணையில் புகுந்தது. தாயையும் கைக்குழந்தையையும் தூக்கிச் சென்று விட்டது. மோசஸ் ஆள் அனுப்பித் தேடினார். குழந்தை மட்டும் கிடைத்தது. மீட்டு வந்தவருக்கு அவர் ஒரு குதிரையை வெகுமதியாகக் கொடுத்தார். மேரி என்ன ஆனார் என்பது கடைசி வரை தெரியவில்லை.

1865-ம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்தது. மோசசும் அவர் மனைவி சூசன் அம்மாளும் ஜார்ஜையும் அவன் அண்ணன் ஜிம்மையும் தங்களிடமே வைத்து வளர்த்தார்கள்.

ஜார்ஜ் நோஞ்சான் பிள்ளை. வயல் வேலை அவனுக்கு ஆகாது. வீட்டிலேயே இருந்து சமையல், சலவை, தையல் எல்லாம் கற்றுக் கொண்டான். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சூசன் அம்மாள் கற்றுக் கொடுத்தார். நேரம் கிடைத்தால் காட்டுக்கு ஓடி விடுவான். அங்கே செடி கொடிகள்தான் அவனுக்குத் தோழர்கள். வாடிய செடிகளை அவன் பிழைக்க வைப்பான். அக்கம்பக்கத்தார் அவனைச் செடி வைத்தியர் என்று அழைத்தார்கள்.

படிப்பைத் தேடி நடந்தான்

உள்ளூர்ப் பள்ளியில் வெள்ளைப் பிள்ளைகளுக்குத்தான் இடம். கறுப்புப் பிள்ளைகளுக்கு நியோஷோ என்ற ஊரில் ஒரு பள்ளி இருந்தது. ஜார்ஜுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். தனியாகவே அந்த ஊருக்குப் போனான்.

மரையா வாட்கின்ஸ் என்ற கறுப்பு அம்மாள் அவனைத் தம் வீட்டில் சேர்த்துக் கொண்டார். அவர் ஊருக்கு மருத்துவச்சி. சொந்தப் பிள்ளை இல்லாதவர். வீட்டு வேலையில் ஜார்ஜ் கை கொடுத்தான். அவர் சோறு போட்டார். படிப்பதை எல்லாம் நன்றாகப் படி, பிறகு அதை நம் மக்களுக்குத் திருப்பிக் கொடு என்பது அவர் செய்த போதனை. ஜார்ஜ் அதைச் சாகும் வரை மறக்கவில்லை.

அங்கே கற்க வேண்டியதைக் கற்ற பிறகு கான்சாஸ் மாநிலத்துக்குப் போனான். ஊர் ஊராக அலைந்தான். சமையல் செய்தான். துணி வெளுத்தான். கிடைத்த நேரத்தில் படித்தான். 1879-ம் ஆண்டில் போர்ட் ஸ்காட் என்ற ஊரில் இருந்தான். அங்கே ஒரு வெறிக் கூட்டம் கறுப்பர் ஒருவரைச் சிறையிலிருந்து இழுத்து வந்து கொன்றது. அதைக் கண்ணால் பார்த்தான். உடனே அந்த ஊரை விட்டே போய் விட்டான்.

இத்தனைக்கும் நடுவே உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தான்.

அடைத்த கதவு

ஹைலண்ட் என்ற ஊரில் ஒரு கல்லூரி இருந்தது. ஜார்ஜ் தபாலில் மனுப் போட்டார். இடம் உண்டு என்று பதில் வந்தது. ஆனந்தத்தோடு புறப்பட்டுப் போனார்.

கல்லூரி அதிகாரிகள் அவரை நேரில் பார்த்தார்கள். கறுப்பர் என்று தெரிந்தது. கொடுத்த இடத்தை அங்கேயே மறுத்து விட்டார்கள். மதிப்பெண்ணில் குறை இல்லை. நடத்தையில் குறை இல்லை. தோலின் நிறம் ஒன்றுதான் குறை!

அந்த அடி பலமாக விழுந்தது. சில ஆண்டுகள் அவர் கல்லூரியை நினைக்கவே இல்லை. கான்சாசின் வறண்ட நிலத்தில் மண் வீடு கட்டிக் கொண்டு பயிர் செய்தார்.

திறந்த கதவு

பிறகு அயோவா மாநிலத்துக்குப் போனார். அங்கே மில்ஹாலண்ட் என்ற வெள்ளைக்காரத் தம்பதியின் நட்பு கிடைத்தது. மறுபடியும் கல்லூரிக்குப் போகும்படி அவர்கள் விடாமல் சொன்னார்கள். 1890-ம் ஆண்டில் சிம்ப்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக் கொண்டது.

சம்பளம் கட்டிய பிறகு கையில் மிஞ்சியது பத்து சென்டு. அதில் சோள மாவும் மாட்டுக் கொழுப்பும் வாங்கி ஒரு வாரத்தை ஓட்டினார். பிறகு மாணவர்களின் துணிகளை வெளுத்துக் கொடுத்துப் பிழைத்தார்.

அங்கே அவர் படித்தது ஓவியம். எட்டா பட் என்ற ஆசிரியை அவர் வரைந்த செடிகளைப் பார்த்தார். செடிகளைப் பற்றிய அவருடைய அறிவையும் கண்டு கொண்டார். தாவர விஞ்ஞானம் படிக்கச் சொல்லி, ஏம்ஸ் நகரில் இருந்த அயோவா விவசாயக் கல்லூரிக்கு அனுப்பினார். ஆசிரியையின் தந்தை அங்கே பேராசிரியர்.

1891-ம் ஆண்டில் கார்வர் அங்கே சேர்ந்தார். அந்தக் கல்லூரியின் முதல் கறுப்பு மாணவர் அவரே.

இடம் கிடைத்து விட்டது. துன்பம் தீர்ந்ததா? இல்லை. விடுதியில் தங்க இடம் இல்லை. மற்ற மாணவர்களோடு பந்தியில் உட்கார விடவில்லை. பண்ணை வேலையாட்களோடு கீழ்த்தளத்தில் சாப்பிட வைத்தார்கள்.

ஆனால் நல்லவர்களும் இருந்தார்கள். ஒரு பேராசிரியர் தம் பழைய அலுவலக அறையைத் தங்குவதற்கு ஒழித்துக் கொடுத்தார். பழைய ஊரிலிருந்து லிஸ்டன் என்ற வெள்ளைக்கார அம்மாள் அவரைப் பார்க்க வந்தார். கீழ்த்தளத்துக்கே போய் அவரோடு அமர்ந்து உண்டார். அதன் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது.

1892-ம் ஆண்டில் வேறு நகரம் ஒன்றில் ஓவியக் கண்காட்சி நடந்தது. கார்வரிடம் நல்ல உடை இல்லை. ரயில் கட்டணத்துக்குப் பணமும் இல்லை. சக மாணவர்கள் பணம் சேர்த்துப் புதிய உடையும் டிக்கெட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். அவருடைய ஓவியம் அடுத்த ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியிலும் இடம் பெற்றது.

1894-ம் ஆண்டில் பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரியிலேயே ஆசிரியராக அமர்ந்தார். 1896-ம் ஆண்டில் மேல் பட்டமும் பெற்றார்.

குப்பையில் பிறந்த ஆராய்ச்சிக் கூடம்

அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊர். அங்கே கறுப்பு மாணவர்களுக்காக ஒரு கல்வி நிலையம் நடந்தது. அதன் தலைவர் புக்கர் வாஷிங்டன். அவரும் அடிமையாகப் பிறந்தவர். விவசாயப் பகுதியை நடத்த வரும்படி கார்வரை அழைத்தார்.

ஏம்ஸ் நகரிலேயே இருந்திருந்தால் சுகமாக இருந்திருக்கலாம். மரையா அம்மாள் சொன்னதைச் செய்ய வேண்டிய வேளை வந்து விட்டது. 1896-ம் ஆண்டில் டஸ்கீகிக்குப் போனார்.

அங்கே ஆராய்ச்சிக் கூடம் இல்லை. கார்வர் மாணவர்களைக் கூட்டிக் கொண்டு குப்பை மேடுகளுக்குப் போனார். பழைய புட்டிகள், ஜாடிகள், சட்டிகளைப் பொறுக்கி வந்தார்கள். அவற்றைக் கொண்டே விஞ்ஞானம் கற்பித்தார்.

அந்தப் பகுதியில் ஆண்டுதோறும் பருத்தியையே விதைத்தார்கள். மண் சத்து இழந்தது. கறுப்பு விவசாயிகள் பெரும்பாலும் குத்தகைக்காரர்கள். கடனில் மூழ்கிக் கிடந்தார்கள்.

பருத்தியை மாற்றிக் காராமணியும் கடலையும் போடுங்கள் என்று கார்வர் சொன்னார். இந்தச் செடிகளின் வேரில் முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்கும். மண் தேறும். வீட்டாருக்கும் சத்துள்ள உணவு கிடைக்கும்.

பள்ளிக்கு வர முடியாத விவசாயிகளிடம் பள்ளியே போனது. 1906-ம் ஆண்டில் மாரிஸ் ஜெசப் என்ற செல்வர் தந்த பணத்தில் ஒரு வண்டி செய்தார்கள். அதில் கருவிகளும் விதைகளும் ஏற்றிக் கிராமம் கிராமமாகச் சென்றவர் தாமஸ் கேம்பல். அவர் டஸ்கீகியில் படித்த மாணவர். அமெரிக்க விவசாய இலாகா நியமித்த முதல் கறுப்பு விவசாய ஊழியர் அவர்தான்.

கடலை தந்த புகழ்

பருத்தியை ஒரு வகை வண்டு துளைத்து அழித்தது. விவசாயிகள் பலர் கடலைக்கு மாறினார்கள். கடலையைச் சமைக்க 105 வழிகளை 1916-ம் ஆண்டில் கார்வர் வெளியிட்டார். கடலையிலிருந்து 300 பொருள்கள் வரை செய்து காட்டினார்.

1921-ம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரசின் குழு ஒன்று அவரைப் பேச அழைத்தது. பத்தே நிமிடம் கொடுத்தது. சில உறுப்பினர்கள் கேலி பேசினார்கள். அவர் கலங்கவில்லை. பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டினார். கேலி அடங்கியது. நேரத்தை மேலும் மேலும் நீட்டிக் கொடுத்தார்கள். கடைசியில் கை தட்டினார்கள்.

கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வர் என்று பலர் சொல்வார்கள். அது சரி அல்ல. அவருக்கு முன்பே அது இருந்தது. அவர் செய்த பொருள்களில் பல கடைக்கு வரவும் இல்லை. ஏழைக்குப் புரியும் விதமாக விஞ்ஞானத்தைச் சொன்னதுதான் அவருடைய பெரிய சாதனை.

பிள்ளைகளுக்கே சொத்து

கார்வர் கல்யாணம் செய்து கொள்ளவில்லை. மாணவர் விடுதியில் ஓர் அறையிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்தார். மாணவர்களைத் தம் பிள்ளைகள் என்றே நினைத்தார். படித்து முடித்துப் போனவர்களுக்கும் கடிதம் எழுதி வந்தார்.

டஸ்கீகியில் அவருடைய தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு ஆயிரம் டாலர். சம்பள உயர்வை அவர் நாடவில்லை. பழைய கோட்டையே போட்டுக் கொண்டார். காசோலைகளைக்கூட மாற்ற மறந்து விடுவார்.

அப்படிச் சேர்ந்த பணத்தைக் கொண்டு 1940-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி நிதியை ஏற்படுத்தினார். கறுப்பு இளைஞர்கள் விஞ்ஞான ஆராய்ச்சி செய்வதற்காகவே அந்த நிதி. இறந்த பிறகு மீதிச் சொத்தும் அதற்கே போய்ச் சேர்ந்தது. மொத்தம் சுமார் 60 ஆயிரம் டாலர்.

1943-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி அவர் காலமானார். புக்கர் வாஷிங்டனின் சமாதிக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டில் அவர் பிறந்த பண்ணையை அமெரிக்க அரசாங்கம் தேசிய நினைவிடம் ஆக்கியது. கறுப்பர் ஒருவருக்கு அந்தக் கவுரவம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

ஏழைப் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. தங்க ஓர் அறை வேண்டும். எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடப் பந்தி வேண்டும். உன்னால் முடியும் என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். கார்வருக்கு அவற்றை ஆளுக்கு ஒன்றாகப் பலர் கொடுத்தார்கள். தமக்குப் பின் வந்தவர்களுக்கு அவர் அவை எல்லாவற்றையும் கொடுத்தார்.