மௌனமாக அமர்ந்திருந்த மூன்றாவது மனிதர்

உங்கள் கடையில் நான்கு பேர் வேலை பார்க்கலாம். அல்லது நீங்களே ஒருவரிடம் ஊழியராக இருக்கலாம். கை உழைக்கிறது, உள்ளம் மட்டும் ஏன் வேலையில் ஒட்டுவதில்லை என்று எண்ணியதுண்டா? அதற்கு விடை கலீபா உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களின் வாழ்வில் இருக்கிறது.

எகிப்து ஆளுநரின் மைந்தர்; தாய்வழியில் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் கொள்ளுப் பேரர். கி.பி. 706-ல் மதீனாவின் ஆளுநராக வந்ததும், மார்க்கச் சட்ட மேதைகள் பத்துப் பேரை அழைத்தார்கள். தம் அதிகாரிகள் அநீதி இழைத்தால் மறைக்காது தமக்கு அறிவிக்குமாறு வேண்டிக் கொண்டார்கள்.

ஹிஜ்ரி 99, கி.பி. 717-ல் கலீபாவானதும் சீர்திருத்தத்தைத் தம்மிடமிருந்தே தொடங்கினார்கள். துணைவியார் பாத்திமாவின் நகைகள் பைத்துல்மாலைச் சேர்ந்தன. ஆனால் தமக்குக் குறைத்தவர்கள் ஊழியருக்குக் குறைக்கவில்லை. கவலையின்றி மக்கள் பணியில் ஈடுபடட்டும் என்று அதிகாரிகளுக்கு மாதம் 100, 200 தீனார்கள் வழங்கியதாக இப்னு கஸீர் (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். அவ்வதிகாரிகள் வாணிபம் செய்வதைத் தடுத்தும் விட்டார்கள்.

அக்காலத்தில் குராசானிலிருந்து மூவர் தூது வந்தனர். இருவர் அரபியர், அவர்களே பேசினர். அரபியரல்லாத மூன்றாமவர் அபுஸ்ஸைதா வாய் திறவாது அமர்ந்திருந்தார். கலீபா அவரை நோக்கி, அவரும் தூதர்தாமே, ஏன் பேசவில்லை என்று வினவினார்கள். அப்போதுதான் உண்மை வெளிவந்தது. அரபியரல்லாத முஸ்லிம் வீரர் 20,000 பேர் ஊதியமும் உணவுப்படியும் இன்றிப் போரிடுகின்றனர். இஸ்லாத்தைத் தழுவிய பின்னும் பலரிடம் வரி பிடுங்கப்படுகிறது. ஆளுநர் ஜர்ராஹ் இனப்பற்றும் கடுமையும் உடையவர் என்றார் அவர்.

கலீபா சினக்கவில்லை, இத்தகையவரே தூது வரத் தகுந்தவர் எனப் பாராட்டினார்கள். முஸ்லிமானோரின் வரியை நீக்கி, அவர்களுக்கு ஊதியமும் விதித்தார்கள். வரிக்கு அஞ்சியே மக்கள் இஸ்லாத்திற்கு வருகின்றனர், விருத்தசேதனத்தைக் கொண்டு சோதிக்கலாம் என ஜர்ராஹ் எழுதியபோது அதை மறுத்தார்கள். பின்னர் அவரைப் பதவியிலிருந்தும் நீக்கினார்கள்.

கி.பி. 720-ல், நாற்பது வயதளவில், கலீபா மறைந்தார்கள். அதன் பின் நடந்ததையும் கேளுங்கள். ஹிஜ்ரி 110, கி.பி. 728-ல் ஆளுநர் அஷ்ரஸ், முஸ்லிமாவோருக்கு வரியில்லை என்ற வாக்குறுதியுடன் அதே அபுஸ்ஸைதாவைச் சமர்கந்துக்கு அனுப்பினார். மக்கள் திரளாக வந்தனர். வருவாய் குறையவே ஆளுநர் வாக்கை மீறி மீண்டும் வரி விதித்தார். மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் பக்கம் நின்ற அபுஸ்ஸைதா சிறையில் தள்ளப்பட்டார்.

மனிதர் ஒருவரே, நாடும் அதுவே. ஒரு தலைவர் கேட்டார், கொடுத்தார். குறைகூற வந்தவர் நம்பிக்கை கொண்டார். மற்றவர் வாக்கை மீறினார்; உண்மையாய் உழைத்தவரே எதிரணிக்குச் சென்றார்.

சகோதரர்களே! உங்களிடம் குறை சொல்லாதவருக்குக் குறையே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். இன்று ஜும்ஆ முடிந்து கடை திறக்கும்போது, ஓரத்தில் மௌனமாக நிற்பவரை அழைத்துக் கேளுங்கள். சொன்ன கூலியைச் சொன்ன நாளில் கொடுங்கள். வல்ல அல்லாஹ் நமக்கு அந்த நல்லுள்ளத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.