கண்டங்கள் நகர்வதைக் கண்ட மேதை

தேர்வுக்காக உலகப் படத்தில் மலைகளையும் கடல்களையும் குறித்துப் பழகாதவர் நம்மில் யார்? ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து, கண்டங்கள் என்றும் இதே இடத்தில்தான் இருந்தனவா என்று நாம் கேட்டதில்லை. அப்படிக் கேட்டு, அதன் பொருட்டு வாழ்நாள் முழுவதும் ஏளனத்தைத் தாங்கியவர் ஆல்ஃபிரட் வெக்னர்.

இளமையும் கல்வியும்

ஜெர்மனியில் பெர்லின் நகரில், 1880-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாளன்று, வெக்னர் பிறந்தார். ஐந்து குழந்தைகளில் அவரே கடைசி. தந்தை கிறிஸ்தவப் போதகர்; ஆசிரியரும் கூட. வெக்னர் 1905-இல் வானநூலில் டாக்டர் பட்டம் பெற்றார். எனினும் அவர் மனம் வானிலை ஆராய்ச்சியையே நாடியது. 1906-இல் தம் அண்ணன் கூர்ட்டுடன் பலூனில் ஏறி, 52 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வானில் மிதந்து உலக சாதனை புரிந்தார். அதே ஆண்டு பனி மூடிய கிரீன்லாந்துக்குச் சென்று, இரண்டு குளிர்காலங்களை அங்கே கழித்தார்.

ஒரு கிறிஸ்துமஸ் பரிசு

1910-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அவருடைய நண்பர் ஒருவருக்கு ஒரு பெரிய நிலப்பட நூல் பரிசாகக் கிடைத்தது. அதைப் புரட்டிய வெக்னர் வியப்படைந்தார். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும், கிழித்த காகிதத்தின் இரு துண்டுகள் போல ஒன்றோடொன்று பொருந்தின!

கரைகள் மட்டுமா பொருந்தின? மீசோசாரஸ் என்னும் பழங்கால ஊர்வனவற்றின் எலும்புகள் தென் அமெரிக்காவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் மட்டுமே கிடைத்திருந்தன. குளோசாப்டெரிஸ் என்ற செடியின் இலைத் தடங்கள் நம் இந்தியாவிலும், ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா ஆகியவற்றிலும் கல்லில் பதிந்திருந்தன. அந்தச் சிறு பிராணியும் செடியும் பெருங்கடலை எப்படித் தாண்டியிருக்க முடியும்? நிலங்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஒரே கண்டமாக இருந்து, பின்பு பிரிந்து நகர்ந்தன என்று வெக்னர் 1912-இல் அறிவித்தார்.

ஏளனமும் பொறுமையும்

1914-இல் மூண்ட உலகப் போரில் அவர் இருமுறை காயமுற்றார். ஓய்வில் இருந்த காலத்தில் தம் கருத்தை நூலாக எழுதி 1915-இல் வெளியிட்டார். நிலநூல் அறிஞர்கள் பலர் அவரை எள்ளி நகையாடினர். வானிலை பார்ப்பவருக்குப் பாறையைப் பற்றி என்ன தெரியும் என்றனர். ஆயினும் அவர்கள் கேட்ட ஒரு கேள்வி நியாயமானது. இத்தனை பெரிய கண்டங்களை நகர்த்தும் சக்தி எது? பூமியின் சுழற்சியும் சூரிய சந்திரரின் ஈர்ப்பும் என்று வெக்னர் கூறிய விடை தவறு. அந்தச் சக்திகள் மிகச் சிறியவை. சரியான விடை தம்மிடம் இல்லாதபோதும் அவர் சோர்ந்துவிடவில்லை. புதிய சான்றுகளைச் சேர்த்து, 1929-க்குள் நூலை மூன்று முறை திருத்தி எழுதினார்.

இறுதிப் பயணம்

1930-இல் வெக்னர் ஓர் ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைவராகக் கிரீன்லாந்துக்குச் சென்றார். கரையிலிருந்து 400 கிலோமீட்டர் உள்ளே, பனிப்பரப்பின் நடுவில், அவர் குழுவினர் இருவர் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டியிருந்தது. அவர்களுக்குப் போதிய பொருள்கள் போய்ச் சேரவில்லை. எனவே வெக்னர் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளுடன் தாமே புறப்பட்டார். உடன் வந்த பதினான்கு பேரில் பன்னிருவர் கடுங்குளிரால் வழியில் திரும்பிவிட்டனர். நாற்பது நாள் பயணத்துக்குப் பின் மூவர் மட்டுமே போய்ச் சேர்ந்தனர். அவர்களில் ஒருவருடைய கால்விரல்கள் பனியில் உறைந்து கெட்டுவிட்டன. அங்கே ஐவருக்குப் போதுமான உணவு இல்லை.

ஆகவே நவம்பர் முதல் தேதி, தம் ஐம்பதாம் பிறந்த நாளன்று, வெக்னர் ராஸ்முஸ் வில்லும்சன் என்ற கிரீன்லாந்து இளைஞருடன் கரையை நோக்கித் திரும்பினார். இருவரும் கரை சேரவில்லை. 1931 மே மாதம் வெக்னரின் உடல் கண்டெடுக்கப்பட்டது. வில்லும்சன் அவரை முறையாகப் பனியில் அடக்கம் செய்து, அடையாளமாகப் பனிச்சறுக்குக் கட்டைகளை நட்டிருந்தார். அந்த நல்ல இளைஞர் என்ன ஆனார் என்பது தெரியவேயில்லை.

காலம் தந்த தீர்ப்பு

முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1960-களில் அறிஞர்கள் கடலடியை ஆராய்ந்தனர். கடலின் நடுவே உள்ள மலைத்தொடர்களில் உருகிய பாறைக் குழம்பு மேலெழுந்து புதிய தரையாக உறைவதையும், பழைய தரை இருபுறமும் விலகுவதையும் கண்டனர். பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிளந்துள்ளது. பூமியின் உள் வெப்பமும், கீழே அமிழும் தட்டுகளின் எடையும் அவற்றை நகர்த்துகின்றன. வேகமோ நம் விரல் நகம் வளரும் அளவுதான்! வெக்னரிடம் இல்லாத விடை கிடைத்துவிட்டது.

நம் இந்தியாவும் இப்படி வடக்கே நகர்ந்து வந்து ஆசியாவுடன் மோதியது. அதனால் உயர்ந்ததே இமயமலை. எவரெஸ்ட் சிகரத்தின் பாறையில் கடல் உயிர்களின் தடங்கள் உள்ளன. இந்தியத் தட்டு சுமத்ரா அருகே மற்றொரு தட்டின் கீழ் நுழைகிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி அங்கே ஏற்பட்ட பெரும் பிளவே சுனாமியாக வந்து, நாகப்பட்டினத்து மக்களையும் வேளாங்கண்ணித் திருப்பயணிகளையும் வாரிச் சென்றது. மலையைத் தந்ததும் இந்த அசைவே. அழிவைத் தந்ததும் இதுவே.

தோழியரே, வெக்னர் தம் வெற்றியைக் கண்ணால் காணவில்லை. தம்மிடம் எல்லா விடைகளும் இல்லை என்பதற்காக அவர் உண்மையைக் கைவிடவும் இல்லை. அவர் உடல் இன்றும் கிரீன்லாந்துப் பனிக்குள் இருக்கிறது. அவர் சொன்னபடியே, அந்த நிலமும் அவரைச் சுமந்துகொண்டு மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது.