அகஸ்டீன் ழான் பிரெனெல்

அகஸ்டீன் ழான் பிரெனெல் (மே 10, 1788 - ஜூலை 14, 1827) பிரான்சு நாட்டைச் சேர்ந்த பொறியியலாளரும் இயற்பியலாளரும் ஆவார். ஒளி அலையாகப் பரவுகின்றது என்ற கொள்கையை நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர். கண்ணாடிப் பரப்பில் விழும் ஒளியில் எவ்வளவு எதிரொளிக்கும், எவ்வளவு ஊடுருவும் என்பதைத் தரும் இவரது சமன்பாடுகள் கணினி வரைகலையிலும் பயன்படுகின்றன.

வாழ்க்கை

நார்மண்டிப் பகுதியில் பிறந்த பிரெனெல், பாரிசில் பொறியியல் பயின்று அரசின் சாலைப் பொறியாளரானார். 1815 இல் எல்பாத் தீவிலிருந்து திரும்பிய நெப்போலியனை எதிர்த்து அரசர் தரப்பில் சேர்ந்ததால் பதவி இழந்தார். கான் நகருக்கு அருகில் தாயாரின் வீட்டில் தங்கியிருந்த அக்காலத்திலேயே ஒளியியல் சோதனைகளில் முழுமையாக இறங்கினார். அங்கு ஆய்வுக்கூடம் ஏதும் இல்லை. தகுந்த வில்லை கிடைக்காததால் செப்புத் தகட்டில் இட்ட சிறு துளையில் ஒரு துளி தேனை வைத்து, அதையே வில்லையாகக் கொண்டு சூரிய ஒளியைக் குவித்தார். மெல்லிய கம்பியின் நிழலில் தோன்றிய வரிகளை இவ்வாறுதான் அளந்தார்.

விளிம்பு விளைவு குறித்துப் பிரெஞ்சு அறிவியல் கழகம் நடத்திய போட்டிக்கு 1818 இல் கட்டுரை அனுப்பினார். நடுவர்களுள் ஒருவரான புவாசோன் ஒளித்துகள் கொள்கையை ஆதரித்தவர். பிரெனெலின் கணிப்பு சரியெனில் வட்டத் தகட்டின் நிழல் நடுவே ஒளிப்புள்ளி தோன்றவேண்டும் என்று காட்டி, அது நடவாத ஒன்று எனக் கருதினார். அராகோ 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள தகட்டைக் கொண்டு சோதித்தபோது புள்ளி அங்கே இருந்தது. 1819 இல் பரிசு பிரெனெலுக்குக் கிடைத்தது.

ஒளி ஒரு குறுக்கலை என்று 1821 இல் விளக்கினார். 1823 இல் கழகத்தில் அளித்த எதிரொளிப்புக் கட்டுரை காணாமற்போய், பூரியேயின் தாள்களிடையே கண்டெடுக்கப்பட்டு 1831 இல்தான் வெளியானது. அதே 1823 இல் கொர்துவான் கலங்கரை விளக்கத்தில் இவரது படிவில்லை முதன்முதலாக ஒளிர்ந்தது. காசநோயால் 39 ஆவது அகவையில் இறந்தார்.

கணினி வரைகலையில்

வில்லை, பட்டகம் முதலியன வைக்கப்பட்ட ஒளியியல் ஆய்வுக்கூட மேசையொன்றைக் கணினியில் மெய்போல் வரைய இச்சமன்பாடுகள் இன்றியமையாதவை. ஒளிவிலகல் எண் 1.5 உடைய கண்ணாடியின் ஒரு பரப்பு, செங்குத்தாக விழும் ஒளியில் 4% மட்டுமே எதிரொளிக்கின்றது. படுகோணம் 60 பாகையாகும்போது இது ஏறத்தாழ 9%, 80 பாகையில் 39%. எல்லாக் கோணங்களுக்கும் ஒரே அளவை இட்டால் பட்டகம் நெகிழிக் கட்டிபோல் தோன்றும். குக், டொரன்சு ஆகியோர் 1981 இல் வெளியிட்ட ஒளிர்வு மாதிரியில் இச்சமன்பாடு இடம்பெற்றது. விரைவாகக் கணிக்க உதவும் எளிய தோராயத்தை 1994 இல் சிலிக் தந்தார்.

எனினும் கதிர்களைப் பின்தொடர்ந்து படம் ஆக்கும் வழக்கமான மென்பொருள்கள் ஒளியை நேர்கோட்டில் செல்வதாகவே கொள்கின்றன. அராகோவின் சோதனையை அவற்றில் அமைத்தால் தகட்டின் நிழல் நடுவிலும் இருண்டே இருக்கும். புவாசோன் எதிர்பார்த்ததும் இதுவே. ஒளிப்புள்ளி தோன்ற, பிரெனெலின் அலைக் கூட்டல் முறையில் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளிச்செறிவைத் தனியே கணித்து, அதனைப் படத்தின் திரைமேல் பொருத்தவேண்டும்.