கோவில்பட்டி தந்த காலண்டர் குரு

புளியங்குடியில் காலண்டர் தொங்காத கடை உண்டா? எலுமிச்சை கமிஷன் கடையிலிருந்து டீக்கடை வரை சுவரில் ஒரு கஜலட்சுமியோ முருகனோ கட்டாயம் இருப்பார்கள். கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறோம், வரைந்தது யாரு என்று கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் பதில் ரொம்ப தூரத்தில் இல்லை. சங்கரன்கோவில், கழுகுமலை தாண்டினால் வருகிற கோவில்பட்டிதான் அந்தப் படங்களின் தாய்வீடு. அங்கே வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜுவைப் பற்றி நம் மாணவத் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1898-ல் சென்னையில் பிறந்தவர் அவர். 1850-ல் தொடங்கப்பட்ட சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றார். வெள்ளைக்காரர் வகுத்த பாடமுறை அது. கண்ணால் பார்ப்பதை அளவு பிசகாமல், ஒளியும் நிழலும் தப்பாமல் அப்படியே தாளில் இறக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஓவியம் கற்ற எவருக்கும் மானசீக குரு ஒருவர் இருந்தார். அவர் ராஜா ரவிவர்மா. 1894-ல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் நாடெங்கும் வீடுகளுக்குள் நுழைந்திருந்தன. கொண்டையராஜுவின் தேவியரைப் பாருங்கள். முகத்தின் உருண்டை, பட்டுச் சேலையின் மடிப்பு, பின்னால் தெரியும் நீர்நிலை எல்லாவற்றிலும் ரவிவர்மாவின் சாயல் இருக்கும்.

அட, இது காப்பிதானே என்று கேட்கலாம். அந்த ரவிவர்மாவே எப்படிக் கற்றார் தெரியுமா? திருவிதாங்கூர் அரண்மனைக்கு 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். சொல்லித்தர மாட்டேன், வேண்டுமானால் நான் வரைவதைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர் காட்டிய சலுகை. பக்கத்தில் நின்று பார்த்தே எண்ணெய் வண்ணத்தின் நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டார் ரவிவர்மா. ஆக, பார்த்து வரைவது இந்தப் பரம்பரையின் முதல் பாடம்.

படிப்பு முடிந்ததும் கொண்டையராஜு பணம் தேடி ஓடவில்லை. துறவு மனம் கொண்டவர். கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை. திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் தங்கினார். பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்து திரைச்சீலை எழுதினார். அரண்மனை, காடு, தர்பார் என்று ஆளுயரத்துக்கு மேல் எழுத வேண்டிய வேலை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரிய வேண்டும். வண்ணம் பளிச்சென்று இருக்க வேண்டும். காலண்டருக்கு வேண்டிய கண் அங்கேதான் பழகியது.

1940-களில் கம்பெனி கலைந்தபோது அவர் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ பிறந்தது. பக்கத்திலேயே சிவகாசி. அச்சகங்களுக்குப் படம் வேண்டும். இவரிடம் படம் இருந்தது. மீனாட்சி கல்யாணம், கஜலட்சுமி, முருகன் என்று அவர் எழுதியவை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. மதுரைக் கோவில் கம்பத்தடி மண்டபத்துத் தூணில் உள்ள கல்யாணச் சிற்பத்தைப் பார்த்துவிட்டு அந்தக் காலண்டரைப் பார்த்தால், கல் எப்படி வண்ணமாயிற்று என்பது விளங்கும். நாணித் தலைகுனிந்த அம்மன் நடுவிலே, ஒரு பக்கம் சிவன், மறுபக்கம் தாரை வார்க்கும் பெருமாள். பழைய சிற்பியிடமும் அவர் பாடம் கேட்டிருக்கிறார்!

அவரைச் சுற்றி ஒரு சீடர் கூட்டம் சேர்ந்தது. சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம், செண்பகராமன் ஆகியோர் பின்னாளில் தாங்களே பேர் பெற்றார்கள். வகுப்பறையோ சான்றிதழோ கிடையாது. குருவின் படத்தைப் பார்த்துப் போடுவதும், அவர் பக்கத்தில் நின்று வேலை பழகுவதும்தான் படிப்பு. இதில் நெஞ்சைத் தொடுவது ஒன்றுண்டு. சில படங்களில் குருவின் பெயரோடு சுப்பையாவின் பெயரும் சேர்ந்தே இருக்கும். உழைத்த சீடனின் பெயரை மறைக்காத குரு! காப்பிக்கும் கல்விக்கும் உள்ள வித்தியாசம் இதிலேயே அடங்கியிருக்கிறது. பார்த்து வரைந்துவிட்டு, யாரைப் பார்த்து வரைந்தோம் என்பதை மறைத்தால் அது திருட்டு. குருவின் பெயரைச் சொல்லி வரைந்தால் அது பயிற்சி.

1976-ல் அவர் மறைந்தார். காலண்டர் படம்தானே என்று மட்டமாகப் பேசியவர்கள் உண்டு. ஆனால் ஓவியக் கல்லூரி வாசலை மிதிக்க வழியில்லாத நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, வீட்டுச் சுவரில் தொங்கிய அந்தப் படம்தான் கல்லூரி. பழைய காலண்டரில் கட்டம் போட்டு, அதே கட்டங்களை நோட்டில் பெரிதாக்கி, ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக் கற்றவர்கள் எத்தனை பேர்!

தம்பி தங்கைகளே, பரீட்சையில் பார்த்து எழுதுவதற்கு இக்கட்டுரையை சாட்சிக்கு இழுக்காதீர்கள்! ஓவியத்தில் மட்டும் தயங்காமல் பாருங்கள். பிடித்த ஓவியர் ஒருவரை எடுத்துக்கொண்டு ஒரே படத்தைப் பத்து முறை போடுங்கள். முதலில் கோடு, அப்புறம் ஒளி நிழல், கடைசியில் வண்ணம். பிறகு அந்தப் படத்தை மூடி வைத்துவிட்டு, எதிரே இருக்கும் அம்மாவின் முகத்தை வரையுங்கள். அங்கே நிற்கிற கோடு உங்களுடையது. அதன் கீழே தைரியமாகக் கையெழுத்துப் போடலாம்.