எரிந்து போவதும் நிலைத்து நிற்பதும் – ராக்கெட் மேதை ராபர்ட் காடர்ட்



ராக்கெட் என்றதும் நமக்கு ஸ்ரீஹரிகோட்டா ஞாபகம் வரும். அதை விட்டால் தீபாவளி ஞாபகம் வரும். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஆசிரியர், மெக்கானிக், மாணவர் என்று பலதரப்பட்டவர்களும் ஒன்றுகூடி, வெட்டவெளிக்குப் போய், ஆள் உயரத்தைத் தாண்டிய ராக்கெட்டுகளைச் சொந்தமாகச் செய்து பறக்க விடுகிறார்கள். பொழுதுபோக்குதான், ஆனால் சும்மா விளையாட்டு இல்லை. சங்கத்தில் சேர்ந்து, படிப்படியாகத் தேர்ச்சி காட்டினால்தான் பெரிய மோட்டாரைக் கையிலேயே கொடுப்பார்கள்.

மோட்டார் என்றால் வைண்டிங் சுற்றிய மோட்டார் அல்ல. ராக்கெட்டைத் தள்ளும் எரிகூட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. அதில் ஒரு வகைதான் என் மனதைக் கவர்ந்தது. கடைந்தெடுத்த அலுமினியக் குழாய். இரண்டு முனையிலும் மூடி. கசிவைத் தடுக்க ஓ-ரிங். உள்ளே வெப்பம் தாங்கும் ஓர் உறை. வாயு வெளியேற ஒரு நாசில். நடுவே துளையிட்ட உருளை உருளையாக மருந்து. எரிந்து முடிந்ததும் குழாயைக் கழற்றி, கரியைத் துடைத்து, புது மருந்தும் புது ஓ-ரிங்கும் போட்டால் அடுத்த பயணத்துக்குத் தயார்! அதாவது, எரிவது வேறு, நிலைப்பது வேறு. எரிவதை மாற்று, நிலைப்பதைக் காப்பாற்று.

கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? இந்த எண்ணத்தோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவர் ஒருவர் உண்டு. அவர்தான் ராபர்ட் ஹட்சிங்ஸ் காடர்ட். திரவ எரிபொருள் ராக்கெட்டின் தந்தை என்றுதான் அவரைப் பொது அறிவுப் புத்தகங்கள் சொல்லும். ஆனால் மெக்கானிக்கல் மாணவனான எனக்கு, லேத்தும் இரும்புமாக அவர் வாழ்ந்த வாழ்க்கைதான் பெரிதாகத் தெரிகிறது. அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. விட்டுவிட வேண்டியதும் இருக்கிறது.

செர்ரி மரத்தில் உதித்த எண்ணம்

1882 அக்டோபர் 5. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரில் காடர்ட் பிறந்தார். சிறு வயதிலிருந்தே நோஞ்சான். உடம்பு சரியில்லாமல் படிப்பு அடிக்கடி தடைபட்டது. உயர்நிலைப் பள்ளியை முடித்தபோது அவருக்கு வயது 21! ஒன்றிரண்டு வருஷம் பின்தங்கிவிட்டோமே என்று வருந்தும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

1899 அக்டோபர் 19 அன்று, காய்ந்த கிளைகளை வெட்டுவதற்காக வீட்டுத் தோட்டத்துச் செர்ரி மரத்தில் ஏறினார். அங்கிருந்து வானத்தைப் பார்த்தபோது, செவ்வாய்க் கிரகம் வரை போகும் ஒரு கருவியைச் செய்தால் என்ன என்று தோன்றியது. மரத்திலிருந்து இறங்கியவர் வேறு ஆளாகிவிட்டார். அந்த நாளைத் தம் பிறந்தநாள் போலவே ஒவ்வோர் ஆண்டும் நினைவில் வைத்திருந்தார்.

வூஸ்டர் பாலிடெக்னிக்கில் சேர்ந்து 1908-ல் பட்டம் பெற்றார். (பெயரில் பாலிடெக்னிக் இருந்தாலும் அது பட்டப்படிப்புக் கல்லூரி!) அங்கே மாணவராக இருந்தபோதே கட்டடத்தின் அடித்தளத்தில் வெடிமருந்து ராக்கெட் ஒன்றைக் கொளுத்தி, கட்டடம் முழுக்கப் புகையாக்கினார். ஆசிரியர்கள் அவரைத் துரத்திவிடவில்லை, ஆர்வத்தோடு விசாரித்தார்கள். பிறகு கிளார்க் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் 1911-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1913-ல் காசநோய் தாக்கியது. பிழைப்பது கடினம் என்று டாக்டர்கள் கையை விரித்தார்கள். படுக்கையில் கிடந்தபடியே தம் எண்ணங்களை எழுத்தில் வடித்தார். 1914 ஜூலையில் இரண்டு காப்புரிமைகள் கிடைத்தன. எரியறையும் நாசிலும், எரிபொருளை அந்த அறைக்குள் தொடர்ந்து செலுத்தும் முறை, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பல நிலை ராக்கெட் ஆகிய மூன்றும் அவற்றில் அடங்கியிருந்தன.

இரண்டு சதவீதமும் அறுபது சதவீதமும்

அடுத்து அவர் செய்ததுதான் நம்ம வொர்க்‌ஷாப் வேலை. அந்தக் காலத்துச் சாதாரண ராக்கெட்டுகளை வாங்கி வந்து, அவற்றின் மருந்தில் அடங்கிய சக்தியில் எவ்வளவு உந்துதலாக மாறுகிறது என்று அளந்து பார்த்தார். கிடைத்த விடை, சுமார் 2 சதவீதம்! மீதி எல்லாம் சூடாகவும் புகையாகவும் வீண்.

தெர்மல் இன்ஜினியரிங் வகுப்பில் நாம் படிக்கும் டி லாவல் டர்பைன் ஞாபகம் இருக்கிறதா? நீராவி முதலில் குறுகி, பிறகு விரியும் நாசில் வழியாக வேகமெடுத்து வந்து சக்கரத்தைச் சுழற்றும். அந்த நாசிலைக் கொண்டுவந்து ராக்கெட்டில் பொருத்தினார் காடர்ட். உறுதியான எஃகு அறை செய்து, புகையில்லாத வெடிமருந்தை வைத்து எரித்தார். செயல்திறன் 60 சதவீதத்தைத் தாண்டியது. சாதாரண ராக்கெட்டில் விநாடிக்குச் சுமார் 300 மீட்டராக இருந்த வாயுவின் வேகம், இதில் 2,000 மீட்டரைத் தாண்டியது. மருந்தை மட்டும் மாற்றி இந்தப் பலன் வரவில்லை. அதை எரிக்கும் கூட்டின் வடிவத்தையும் சேர்த்து மாற்றியதால் வந்தது.

இன்னொரு கேள்வியும் அவருக்கு இருந்தது. காற்றே இல்லாத இடத்தில் ராக்கெட் எதைத் தள்ளிக்கொண்டு முன்னே போகும்? காற்றை உறிஞ்சியெடுத்த குழாய்க்குள் தம் எஃகு அறையை வைத்துப் பலமுறை சுட்டுப் பார்த்தார். வெற்றிடத்தில் விசை குறையவில்லை, கூடத்தான் செய்தது! நியூட்டனின் மூன்றாம் விதிக்குக் காற்று தேவையில்லை. வெளியே பாயும் வாயுவின் எதிர்விசையே போதும்.

தோட்டாக்களோடு போராட்டம்

1917-ல் ஸ்மித்சோனியன் நிறுவனம் அவருக்கு 5,000 டாலர் கொடுத்தது. காடர்டின் திட்டம் இதுதான்: ஓர் எரியறை, ஒரு நாசில். துப்பாக்கியில் தோட்டா ஏறுவது போல ஒன்றன்பின் ஒன்றாக மருந்துத் தோட்டாக்கள் அந்த அறைக்குள் ஏற வேண்டும். கூடு அப்படியே இருக்க, மருந்து மட்டும் மாறிக்கொண்டே வர வேண்டும். அதுவும் பறந்துகொண்டிருக்கும்போதே!

எண்ணம் அருமைதான். ஆனால் சூட்டிலும் அழுத்தத்திலும் அதிர்ச்சியிலும் அந்தத் தோட்டா ஏற்றும் இயந்திரம் அவருக்கு அடங்கவே இல்லை. கியரும் ஸ்பிரிங்குமாக எடையும் ஏறிக்கொண்டே போனது. சில வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1921-ல் திரவ எரிபொருள் பக்கம் திரும்பினார். தோட்டாவைத் தள்ள இயந்திரம் வேண்டும். திரவத்தைத் தள்ள அழுத்தம் போதுமே! தோற்ற திட்டத்திலிருந்துதான் வென்ற திட்டம் பிறந்தது.

1926 மார்ச் 16. ஆபர்ன் என்ற ஊரில் அவருடைய உறவுக்காரப் பெண்மணி எஃபி வார்டின் பண்ணை. தரையில் பனி. காடர்டும், மனைவி எஸ்தரும், உதவிப் பேராசிரியர் ஒருவரும், கிளார்க் பல்கலைக்கழக மெஷினிஸ்ட் ஹென்றி சாக்ஸும் மட்டுமே அங்கே இருந்தார்கள். நீண்ட கம்பின் நுனியில் கட்டிய ஊதுவிளக்கால் தீ வைத்தது மெஷினிஸ்ட் சாக்ஸ்தான்! பெட்ரோலும் திரவ ஆக்ஸிஜனும் எரிந்து ராக்கெட் கிளம்பியது. 2.5 விநாடி, 41 அடி உயரம், 184 அடி தூரம். அவ்வளவுதான். ஒரு தென்னை மர உயரம்கூடச் சரியாக இல்லை. ஆனால் திரவ எரிபொருளில் பறந்த உலகின் முதல் ராக்கெட் அது.

ஏளனம் தந்த பூட்டு

இதற்கு முன்பே ஒரு காயம் பட்டிருந்தார் காடர்ட். 1920 ஜனவரியில், அவருடைய ஆய்வு அறிக்கையில் சந்திரனுக்கு ராக்கெட் அனுப்பலாம் என்று இருந்த ஒரு சிறு பகுதியைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. வெற்றிடத்தில் தள்ளிக்கொள்ள எதுவும் இல்லையே, பள்ளிக்கூடப் பாடம்கூட இவருக்குத் தெரியாதா என்ற தோரணையில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் கேலி செய்தது. எழுதியவர் சோதிக்கவில்லை, காடர்ட் சோதித்திருந்தார். ஆனால் ஊர் சிரித்தது அவரைப் பார்த்துத்தான்.

அன்றிலிருந்து அவர் வாய் பூட்டிக்கொண்டது. 1929-ல் அவர் விட்ட ராக்கெட்டின் சத்தம் கேட்டு ஊரே கூடியது, போலீசும் வந்தது. செய்தி பரவியதில் ஒரு நன்மை: விமானி லிண்ட்பெர்க் அவரைத் தேடி வந்தார், அவர் மூலம் குகன்ஹைம் குடும்பத்தின் பண உதவி கிடைத்தது. 1930-ல் நியூ மெக்சிகோவில் ராஸ்வெல் என்ற வறண்ட பிரதேசத்துக்குக் குடிபோனார். சில உதவியாளர்களை மட்டும் வைத்துக்கொண்டு கைராஸ்கோப், நாசிலுக்குள் திசைதிருப்பும் தகடுகள், பம்ப் என்று ஒவ்வொன்றாகச் செய்தார். 1937-ல் ஒரு ராக்கெட் ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் உயரம் போனது.

1936-ல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ராக்கெட் குழுவிலிருந்து மாலினா என்ற இளைஞர் அவரைப் பார்க்க வந்தார். காடர்ட் மரியாதையாக உபசரித்தார். ஆனால் ராக்கெட்டின் உள்விவரங்களைக் காட்டவில்லை. இளைஞர்கள் தாங்களே தேடிக்கொண்டார்கள். அந்தக் குழுவில் பட்டம் எதுவும் பெறாத ஜாக் பார்சன்ஸ் என்பவர் இருந்தார். கெட்டித்த வெடிமருந்து குளிரிலும் சூட்டிலும் விரிசல் விடும். தீ விரிசலுக்குள் புகுந்தால் எரியும் பரப்பு திடீரென்று கூடும். அழுத்தம் எகிறி மோட்டார் வெடிக்கும். இதற்கு 1942-ல் பார்சன்ஸ் வழி கண்டார். தார் போன்ற நெகிழும் பொருளில் ஆக்ஸிஜன் தரும் உப்பைக் கலந்து வார்த்தால் விரிசல் விடாது! பிற்பாடு தாருக்குப் பதிலாக ரப்பர் வந்தது. இன்றைய பொழுதுபோக்கு மோட்டார்களில் இருக்கும் ரப்பர் மருந்தும், நம் பி.எஸ்.எல்.வி.யின் முதல் நிலை மருந்தும் அந்த வம்சம்தான். அந்தப் பார்சன்ஸ் 1952-ல் வீட்டு ஆய்வுக்கூடத்தில் நடந்த வெடிவிபத்தில் 37 வயதில் இறந்தார். இந்த மருந்தோடு வீட்டில் விளையாடக்கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் சட்டமும் இடம் தராது.

ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து உழைத்து 1942-ல் பறக்கவிட்ட வி-2 ராக்கெட் 80 கிலோமீட்டருக்கு மேல் போனது. அது அழிவுக்காகச் செய்யப்பட்டது. அதைப் புகழ வேண்டியதில்லை. ஆனால் 2.7 எங்கே, 80 எங்கே? காடர்டிடம் மூளை குறைவில்லை, கைத்திறன் குறைவில்லை. குறைந்தது கூட்டாளிகள்தான். ஏளனத்துக்குப் பயந்து போட்ட பூட்டு, உதவியையும் வெளியே நிறுத்திவிட்டது.

மறைவுக்குப் பின் வந்த மரியாதை

1945 ஆகஸ்ட் 10 அன்று பால்டிமோரில் தொண்டைப் புற்றுநோயால் காடர்ட் காலமானார். வயது 62. அவர் பெயரில் மொத்தம் 214 காப்புரிமைகள். அவற்றில் 131 அவர் இறந்த பிறகு கிடைத்தவை. எப்படி? அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளையும் வரைபடங்களையும் எஸ்தர் அம்மையார் கட்டிக் காத்துப் பாடுபட்டதால்தான். 1959-ல் மேரிலாந்தில் நாசா மையம் ஒன்றுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. 1960-ல் அவருடைய காப்புரிமைகளைப் பயன்படுத்தியதற்காக அமெரிக்க அரசு 10 லட்சம் டாலர் கொடுத்தது. 1969 ஜூலை 16 அன்று அப்போலோ 11 சந்திரனுக்குக் கிளம்பியது. மறுநாளே அந்தப் பத்திரிகை, 1920-ல் தான் எழுதியது தவறு என்று திருத்தம் போட்டது. 49 ஆண்டுகள் கழித்து!

நண்பர்களே, அந்த அலுமினியக் குழாயை மறுபடி நினைத்துப் பாருங்கள். கேலி, பாராட்டு, பரபரப்பு எல்லாம் மருந்து மாதிரி. சில விநாடியில் எரிந்து போகும். அளந்து எழுதிய எண் கூடு மாதிரி. அடுத்தவன் எடுத்து அடுத்த மருந்தைப் போடலாம். காடர்டின் எண்கள் அப்படி நிலைத்தன. ஆனால் அவற்றை உயிரோடு இருக்கும்போதே நாலு பேரிடம் கொடுத்திருந்தால் அவர் இன்னும் எவ்வளவு உயரம் போயிருப்பார் என்ற ஏக்கம் எனக்குத் தீரவில்லை.

நம்ம லேபில் எடுக்கும் ரீடிங்கைப் பக்கத்து நண்பனிடமிருந்து காப்பி அடிக்காமல் நாமே எடுப்போம். எடுத்ததை மறைக்காமல் ஜூனியர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவோம். புராஜெக்ட் தோற்றாலும் ஏன் தோற்றது என்று ஒரு பக்கம் எழுதி வைப்போம். மாணவர் சங்கம் என்று ஒன்று இருப்பதும் இதற்குத்தானே!